அண்ணாவுக்குத் தண்ணீர் கொடுத்ததாக நான் சொன்ன மனிசி

1

நிரூசன்! நிரூ அண்ணா!

உனக்கு ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன கிழமை லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு மண்டபம் எடுத்து உன் ஆட்டத்திவசத்தைச் செய்து முடித்தோம். எல்லாம் வெகு சிறப்பு. ஐயர் ஒன்றரை மணித்தியாலம் பிந்தி வந்தார். பிறகு பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பயந்து முக்கால் மணித்தியாலத்தில் உன்னை மோட்சத்துக்கு அனுப்பிவிட்டார். சனம் நன்றாகச் சாப்பிட்டது. வாழைக்காய்ப் பொரியல் காணாது என்று ஒருவர் என்னைத் தேடி வந்து முறையிட்டார், நான் ஏதோ ரெஸ்ட்டோரண்ட் மனேஜர் மாதிரி.

அந்த நேரம்தான் ரெய்னர்ஸ் லேனில் இருந்து வந்த ஒரு அன்ரி, கை கழுவிக்கொண்டே, மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்.

"என்ன இருந்தாலும் குடுத்து வைச்ச பிள்ளை. ஆரெண்டே தெரியாத ஒரு வெள்ளைக்கார மனிசி மடியிலை வைச்சுத் தண்ணி பருக்கி எல்லே அனுப்பினவ!"

மடி புதிது. நான் முதலில் சொன்னபோது அந்தக் கதையில் மடி இருக்கவில்லை. ஒரு வருடத்தில் தானாக முளைத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த அம்மா இலையில் இருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் அந்த வெள்ளைக்கார மனிசியைத் தெரியும். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தில், அண்ணாவின் படத்துக்குக் கீழே, ஒரு ஓய்வுபெற்ற மாஸ்ரர் அவரைப் பாட்டாகவே பாடி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டு அலுமாரிக்குள்ளும் ஒரு பிரதி கிடக்கும். எடுத்துப் பாருங்கள்.

அந்த மனிசியை உண்டாக்கியது நான். அப்படி ஒருத்தி இருக்கவில்லை. நான் இங்கே பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். கதையில் உள்ள பிழையை நான் திருத்துகிறேன்.

2

நாங்கள் மூன்று பேர். அம்மா, அண்ணா, நான். அண்ணா பத்தொன்பது வயதில் ஏஜென்சி பிடித்துக் கனடா போனான். பிறகு அம்மாவும் நானும் லண்டன் வந்து சேர்ந்தோம். ஒரே குடும்பத்தை ஒரே நாட்டுக்கு அனுப்பினால் ஏஜென்சிக்காரனுக்கு மரியாதை இல்லையாக்கும்.

அண்ணா லண்டனுக்கு ஒரே ஒரு தடவை வந்தான். ஒன்பது நாள். எங்கள் முன்னறையில் மெத்தையைக் கீழே போட்டுப் படுத்தான், நாள் முழுக்க லண்டனைப் பழித்தான். "இதென்னடி றோட்டு? ரெண்டு கார் எதிரும் புதிருமா வந்தா ஒண்டு ஆற்றையும் வீட்டுக்குள்ளை போகோணும் போல கிடக்கு. ஒருக்கா என்ர றோட்டை வந்து பார். ஸ்டியரிங்கைக் கட்டிப்போட்டு நித்திரை கொள்ளலாம்." அவன் ரொறன்ரோவில் இருந்து கல்கரிக்கு ட்ரக் ஓடினவன். நடுவில் இருக்கிற வயல் நாடு முழுவதும் தன் சீதனக் காணி மாதிரித்தான் கதைப்பான்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. பன்னிரண்டு வயதில் இருந்து நான்தான் அம்மாவின் வாய். டொக்டர் "உப்பைக் குறைக்காவிட்டால் ஆபத்து" என்பார், நான் அம்மாவிடம் "எல்லாம் ஓகேயாம்" என்பேன். அம்மா "உந்தாளுக்கு ஒரு கோதாரியும் தெரியாது" என்பார், நான் டொக்டரிடம் "அம்மா நன்றி சொல்கிறார்" என்பேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே எழும்புவார்கள். கவுன்சிலிலும் அப்படித்தான். இவ்வளவு திறமையுள்ள எனக்கு ஒருவரும் ஒரு சேர்ட்டிபிகேட்டும் தரவில்லை.

நான் ஒரு பேக்கரியில் ரோல்ஸ் சுற்றுகிறேன். ஷிப்ட் நேரத்தில் போன் லொக்கருக்குள் இருக்க வேண்டும். அன்றைக்கு மூன்று மணிக்கு வேலை முடிந்து போனை எடுத்தால், அண்ணாவின் மிஸ்ட் கோல் இரண்டு. இரண்டே நாற்பதுக்கு ஒன்று, அடுத்த நிமிடம் மற்றது. அவனுக்கு அங்கே காலை நேரம். ஓட அலுப்படித்தால் கோல் எடுத்து அலட்டுகிறவன்தானே, வீட்டுக்குப் போய் எடுப்போம் என்று நினைத்தேன். ஹை ஸ்ட்ரீட்டில் புருவம் எடுக்கப் போனேன். அங்கே கியூ. ஆறு மணிக்கு அவனுக்கு எடுத்தேன். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

எட்டு மணிக்குக் கனடாப் பொலிஸ் எடுத்தது. அவன் கடைசியாக அழைத்த நம்பர் என்னுடையது என்பதால் எனக்கே எடுத்தார்கள். மரியாதையான பொலிஸ், மெதுவாகச் சொன்னார். ட்ரக்கை ஒழுங்காக ஓரம் கட்டி, எச்சரிக்கை லைட்டைப் போட்டுவிட்டு இருந்தானாம். மாரடைப்பு மாதிரித் தெரிகிறதாம். பக்கத்தில் ஒருவரும் இல்லையாம். முப்பத்துமூன்று வயது.

அம்மா என் முன்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன். விழுந்து அழுதார். பிறகு நிமிர்ந்து என் சட்டையைப் பிடித்தார்.

"தனியவோ கிடந்தவன்? ஆரும் பக்கத்திலை நிக்கேல்லையோ? ஒரு சொட்டுத் தண்ணி குடுக்க ஒருத்தரும் இல்லையோ என்ர பிள்ளைக்கு?"

"நிண்டவை அம்மா. ஒரு வெள்ளைக்கார மனிசி வந்து தண்ணி குடுத்தவவாம். கையைப் பிடிச்சுக் கொண்டிருந்தவவாம்."

இரண்டு தரம் என்னைக் கூப்பிட்டிருக்கிறான், நான் அதைப் பார்த்துவிட்டுப் புருவம் எடுக்கப் போயிருக்கிறேன். அதற்குப் பதிலாக ஒரு மனிசியை அங்கே அனுப்பிவிட்டேன், அவ்வளவுதான்.

3

செத்தவீட்டுக்கு நாங்கள் போகவில்லை. அம்மாவின் கடதாசிகள் எல்லாம் பாஸ்போட்டுக்காகப் போயிருந்தன. பிள்ளை செத்துவிட்டான் என்று எழுதினால் உடனே பதில் வந்தது: உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், வரிசைப்படிதான் பார்ப்போம். ஆகவே வீடியோ லிங்கில் பார்த்தோம். கொள்ளி வைக்கிற நேரம் படம் உறைந்து, கனடாவில் இருக்கிற மாமாவின் முழங்கை மட்டும் ஐந்து நிமிடம் தெரிந்தது. அம்மா அந்த முழங்கையைப் பார்த்துத்தான் தலையில் அடித்து அழுதார்.

பாஸ்போட் பத்து மாதம் கழித்து வந்தது. படத்தில் அம்மா ஆரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருக்கிறார். கையில் கிடைத்த அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"அவன் செத்த இடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போ. எட்டுச் செலவை அந்தச் சந்தியிலை என்ர கையாலை வைக்கோணும். அந்த மகராசியையும் ஒருக்காக் கண்ணாலை பாக்கோணும்."

எட்டுச் செலவு உங்களுக்குத் தெரியும். செத்த எட்டாம் நாள், போனவருக்கு விருப்பமானதை எல்லாம் சமைத்துப் படைத்து, ஒரு பங்கைச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவது. அதை முந்நூற்றைம்பது நாள் பிந்திச் செய்யலாமா என்று ஐயரிடம் கேட்டேன். "தாய் மனம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்த மகராசிக்காக அம்மா சவுத்தாலில் போய் நல்ல கம்பளிச் சால்வை ஒன்று தெரிந்தெடுத்தார். பயற்றம் பணியாரம் சுட்டு ஒரு ரின் நிறைய அடைத்தார். இல்லாத ஒரு மனிசிக்கு என்ன நிறம் பொருந்தும் என்று என்னிடம் கேட்டார். நீலம் என்றேன்.

பிளேனில் ஏழு மணித்தியாலமும் நான் அடுத்த பொய்யைத்தான் பாடமாக்கினேன். அந்த மனிசி காணியை விற்றுவிட்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டாவாம். அட்ரஸ் இல்லையாம்.

4

ரொறன்ரோவில் இருந்து மாமா தன் வான் வண்டியில் கூட்டிப்போனார். அம்மாவின் தம்பி. அவருடைய மகள் அபியும் வந்தாள். பதினாறு வயது, தமிழ் நன்றாக விளங்கும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். மாமி, மச்சாள் என்று முறை சொல்லுவாள், அதற்குப் பிறகு ஒரு தமிழ்ச் சொல்லும் வராது. இதற்காக மாமா பத்து வருடம் சனிக்கிழமை சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏற்றி இறக்கினார்.

முதல் இரண்டு நாளும் மரம். மூன்றாம் நாள் மரம் முடிந்து வயல் தொடங்கியது. தொடங்கியது தொடங்கியதுதான், முடியவே இல்லை. அறுத்த கோதுமை, அறுக்காத கோதுமை, மஞ்சளாய் ஏதோ, திரும்பக் கோதுமை. நூறு கிலோமீற்றருக்கு ஒரு தரம் தானியம் போட்டு வைக்கிற ஒரு உயரமான கட்டிடம் வரும். அபி அதைப் படம் எடுப்பாள். அடுத்ததையும் எடுப்பாள். இரண்டும் ஒன்றுதான்.

"ஆளைக் காணேல்லையேடா தம்பி," என்றார் அம்மா. "இவ்வளவத்தையும் ஆர் விதைக்கிறது?"

"மெசின் அக்கா. ஒரு ஆள் இருந்து ஒரு ஊரையே விதைப்பான்."

"அவனும் செத்தா ஆர் பாக்கிறது?"

மாமா ரேடியோச் சத்தத்தைக் கூட்டினார்.

கடைசி இரவுக்கு ஒரு மோட்டலில் தங்கினோம், அடுப்பு உள்ள அறை வேண்டும் என்று தேடி எடுத்தது. காலையில் அம்மா ரொறன்ரோவில் இருந்து ஐஸ்பெட்டியில் கொண்டுவந்த விளைமீனைப் பொரிக்கத் தொடங்கினார். முதல் துண்டு திருப்பவில்லை, மோட்டல் முழுக்க அலாரம் அலறத் தொடங்கிவிட்டது. நான் கதிரையில் ஏறித் துவாயால் விசுக்கினேன். மாமா யன்னலோடு மல்லுக்கட்டினார். வெளியே இரண்டு பேர் அரைகுறை உடுப்போடு புல்லில் நின்றார்கள்.

"அக்கா, அடுப்பை நிப்பாட்டு!"

"மற்றப் பக்கம் வேகேல்லை!"

"மாமி, ப்ளீஸ், ஃபயர் பிரிகேட் வரப்போகுது!" அபி. பயத்தில் முழு வசனம் தமிழில் வந்துவிட்டது. மாமா அந்த அமளிக்குள்ளும் பெருமையாக என்னைப் பார்த்தார்.

மனேஜர் வந்தார். அம்மா கரண்டியோடு நின்று, "செத்த பிள்ளைக்குச் சமைக்கிறன் எண்டு சொல்லு," என்றார். நான் பிறந்தநாள் சாப்பாடு என்று சொன்னேன். அவர் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். "பாத்தியே, நல்ல மனுசன். விளங்கிக்கொண்டான்," என்றார் அம்மா.

5

ட்ரக் கொம்பனி தந்த கடிதத்தில் ஹைவேயின் பெயரும், அதைக் குறுக்கே வெட்டுகிற கிறவல் மண் றோட்டின் இலக்கமும் இருந்தன. அந்த ஊரில் சந்திக்குப் பஞ்சமில்லை. ஒரு மைலுக்கு ஒன்று வைத்து அளந்து வெட்டியிருக்கிறார்கள், எல்லாம் ஒரே அச்சு. மாமா வானை நிறுத்தி, பச்சைப் பலகையில் இருந்த இலக்கத்தைக் கடிதத்தோடு மூன்று தரம் ஒத்துப் பார்த்தார்.

இதுதான் இடம். ஒன்றுமே இல்லை. அறுத்த வயல், காற்று, தூரத்தில் அறுவடை மெசின் கிளப்பிய புழுதி.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் இறங்கி, புல்லை மிதித்துப் படியவைத்து, வாழையிலை மாதிரி அச்சடித்த கடதாசியை விரித்து, காற்றுக்கு நான்கு கல் வைத்தார். புட்டு, மீன் பொரியல், இறால் குழம்பு, வடை. மாமா வானுக்குள் இருந்து ஒரு பியர் ரின்னைக் கொண்டுவந்து ஓரமாக வைத்தார்.

"அவன் உது குடிக்கிறவனோ?"

"சீச்சீ. காத்துக்குப் பாரமா இருக்கட்டும் எண்டு வைச்சனான் அக்கா."

அந்த நேரம் ஒரு பிக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து எங்கள் வானுக்குப் பின்னால் நின்றது. அறுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்கார மனிசி இறங்கினார். தொப்பி, கையெல்லாம் கிறீஸ். வண்டி பழுதா, உதவி வேண்டுமா என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்க முதல் அம்மா எழும்பிவிட்டார்.

"இவவோ? இவதானோ?"

வேறு மாகாணம், காணி விற்றது, எல்லாவற்றையும் அவிழ்க்கப் பார்த்தேன். அதற்குள் அம்மா வானுக்கு ஓடிச் சால்வையையும் பணியார ரின்னையும் எடுத்து வந்து அந்த மனிசியின் கையில் திணித்து, அந்தக் கிறீஸ் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றினார். "மகராசி, உன்ர குலம் தழைக்கும்," என்று அழுதார்.

அந்த மனிசி பயந்துபோய் என்னைப் பார்த்தார். போன வருடம், ட்ரக், என் அண்ணா, இந்த இடம் என்று சொன்னேன். முகம் மாறியது. தொப்பியைக் கழற்றினார். எங்களுக்காக இரங்கிவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் போகவில்லை, கதைக்கத் தொடங்கினார். மெதுவாக, எனக்கு விளங்கவேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாக.

அவர்தானாம் அண்ணாவைக் கண்டது. காலை எட்டு மணிபோல ரவுணுக்கு மெசின் சாமான் வாங்கப் போனபோது ட்ரக் நின்றதாம், லைட் மின்னிக்கொண்டு. ட்ரைவர் நித்திரை கொள்கிறான் என்று நினைத்தாராம். அறுவடை நேரம், அவசரம். பிரேக்கில் கால் வைத்தாராம், பிறகு எடுத்துவிட்டாராம். பதினொன்றரைக்குத் திரும்பி வரும்போதும் மின்னிக்கொண்டே இருந்ததாம். அப்போதுதான் கதவில் தட்டினாராம். அன்றையில் இருந்து ஓரமாக நிற்கிற எந்த வண்டியையும் விட்டுப் போவதில்லையாம். என்னை மன்னிக்கச் சொல்லு, உன் அம்மா ஏன் எனக்கு இதெல்லாம் தருகிறார், என்று கேட்டார்.

அம்மா நன்றியில் அழுகிறார். அந்த மனிசி குற்ற உணர்வில் அழுகிறார். நடுவில் நான். இதைவிட லேசான வேலை எனக்குக் கிடைத்ததே இல்லை. அங்கே ஒரு "ஓகேயாம்", இங்கே ஒரு "அம்மா நன்றி சொல்கிறார்". இரண்டு பேரும் கட்டிப்பிடித்துப் போட்டோவும் எடுத்திருப்பார்கள். ஆனால் அந்த மனிசி ரின்னைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றார். நான் சொல்லும்வரை போகமாட்டார் போல இருந்தது.

"என்னவாம் அவ?"

"அம்மா, அவ தண்ணி குடுக்கேல்லை."

"என்ன?"

"ஒருத்தரும் குடுக்கேல்லை. நித்திரை கொள்ளுறான் எண்டு நினைச்சுக் கடந்து போனவவாம். திரும்பி வரேக்கை தட்டினவவாம். அப்ப எல்லாம் முடிஞ்சுதாம்."

"தர்சி, வாயைப் பொத்து!" மாமா.

"பொலிசும் அப்பிடித்தான் சொன்னது. தனியத்தான் கிடந்தவன். மற்றதெல்லாம் நான் சொன்னது அம்மா."

"ஏன் பிள்ளை?"

"எனக்கு எடுத்தவன். ரெண்டு தரம். நான் எடுக்கேல்லை."

அடி விழும் என்று நின்றேன். என் அம்மா நன்றாக அடிப்பார். கன்னத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அம்மா வயலைப் பார்த்தார்.

"உனக்கு எடுத்தவனே?"

"ஓம்."

"ரெண்டு தரமும் உனக்கோ?"

"ஓம் அம்மா."

"அந்த நேரம் நான் வீட்டிலை சும்மா எல்லே இருந்தனான். போன் கையிலைதானே கிடந்தது. எனக்கு ஏன் எடுக்கேல்லை அவன்?"

மாமா றோட்டைப் பார்த்தார். அபி அழுதுகொண்டு வானுக்குள் ஏறினாள். அம்மா என்ன கேட்கிறார் என்று அந்த மனிசி கேட்டார். கேட்டதை அப்படியே சொன்னேன்.

கற்பூரம் காற்றில் பற்றவில்லை. கும்பிட்டுவிட்டு ஏறினோம். சால்வையும் ரின்னும் அந்த மனிசியின் கையிலேயே இருந்தன, திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதற்காக மாமா வானின் பின்பக்கம் காட்டும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டார். நூற்றிப்பத்தில் ஓடுகிற ஹைவேயில். அதனால் அந்த மனிசி அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்று எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

6

லண்டனுக்கு வந்துவிட்டோம். ரோல்ஸ் சுற்றுகிறேன். போனை ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்ததற்கு வார்னிங் லெட்டர் தந்திருக்கிறார்கள். என்னை இப்போது ஒருவரும் கூப்பிடுவதில்லை, அது வேறு.

அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டினால் நல்லது. "சாப்பிட்டியோ", "குளிருது, ஜக்கெட்டைப் போடு", இவ்வளவுதான். திவசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, தன் போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுக்குள்ளை பழசுகள் கிடக்குமோ?"

"என்ன பழசு?"

"ஆர் ஆர் எடுத்தது எண்டு. போன வருசம், அண்டைக்கு. எனக்கும் எடுத்திருப்பான். சத்தம் குறைஞ்சு கிடந்திருக்கும், நான் கவனிச்சிருக்க மாட்டன். வடிவாப் பார்."

அண்ணாவின் பெயரைத் தட்டி மேலே மேலே போனேன். அம்மாவால் அதை வாசிக்க முடியாது. என் முகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தார். அதற்கு முதல் நாள் வரை இருந்தது. அன்றைக்கு ஒன்றும் இல்லை.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். ஓம் அம்மா, உங்களுக்குத்தான் முதல் எடுத்திருக்கிறான், பிறகுதான் எனக்கு. அம்மா அழுதிருப்பார், ஆனால் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பார். வாயில் வந்தே விட்டது.

"இல்லை அம்மா. அண்டைக்கு எடுக்கேல்லை. முதல் நாள் ஒரு வொய்ஸ் கிடக்கு."

"போடு."

"சாப்பிட்டன் அம்மா. நீ பிரஷர்க் குளுசை போட்டனியோ?" ட்ரக் சத்தத்துக்குள் அவன் குரல்.

நான்கு தரம் போடச் சொன்னார். பிறகு போனை வாங்கித் துடைத்தார்.

"ஊருக்கும் எழுதிப்போடு," என்றார். "இல்லாத மனிசியை இனி ஒருத்தரும் வாழ்த்த வேண்டாம். அவனை நினைக்கட்டும்."

அதுதான் எழுதினேன். மாஸ்ரர் கோபிக்க வேண்டாம், பாட்டு நல்ல பாட்டு.

கோயிலோ சேர்ச்சோ, நீங்கள் எங்கே போகிறவர்களோ, அங்கே எங்கள் நிரூசனுக்காக எல்லாரும் ஒருமுறை கும்பிடுங்கள். தனியப் போனவன். அப்படியே சொல்லிக் கும்பிடுங்கள்.